ஓடையைக் காத்த மீன்

மலைநாட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நீரின் ஓசையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. விடியலில் கண் விழித்ததும் காதில் விழுவது பீலியின் சலசலப்பு. இரவில் கண்ணயரும்போது கேட்பதும் அதுவே. ஓடைகளையும் அருவிகளையும் அன்றாடம் கண்டு பழகிய நாம், அவற்றினுள்ளே வாழும் உயிர்களைப் பற்றி மாத்திரம் மிகக் குறைவாகவே அறிந்திருக்கிறோம். இக்குறையைச் சிறிதளவேனும் போக்கிக்கொள்ள எமக்கு வாய்ப்பளித்தது, ஒரு மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை நாம் மேற்கொண்ட மீன்பிடிப் பயணம்.

மீன் பிடிக்கப் போனோம் என்றதும் கூடை நிறைய மீனை வாசகர்கள் எதிர்பார்க்கக்கூடும். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எடுத்துச் சென்ற கூடை வெறுங்கூடையாகவே திரும்பிற்று. எனினும் அன்று கண்டதும் கேட்டதும் நேயர்களோடு பகிர்ந்துகொள்ளத் தக்கவை என்பதனாலேயே இதனை எழுதுகிறோம்.

ஏழையின் மீனும் துரையின் மீனும்

ஹற்றனிலிருந்து நாம் புறப்பட்டபோது மணி மூன்றரை. உடன் வந்தவர் எமது ஆசிரிய நண்பர். பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிப்பவர்; விடுமுறை நாட்களில் தூண்டிற்கோலும் கையுமாக அலைபவர். வேண்டிய அனுமதியையெல்லாம் அவரே முன்னதாகப் பெற்று வைத்திருந்தார்.

ஹற்றன் பக்கத்து மக்களுக்கு நீர்த்தேக்கம் புதுமையான காட்சியன்று. கெசல்கமு ஓயாவை மறித்து 1965ஆம் ஆண்டில் எழுந்தது காசல்ரீ நீர்த்தேக்கம். அதனையடுத்த சில ஆண்டுகளில் மஸ்கெலி ஓயாவை மறித்து மவுசாகலை எழுந்தது. பழைய மஸ்கெலியா நகரம் அந்நீரில் மூழ்கிற்று. வறட்சியால் நீர்மட்டம் இறங்கும் ஆண்டுகளில் அந்நகரின் கோவிலும் பள்ளிவாசலும் விகாரையும் சேற்றினிடையே மீண்டும் தலைகாட்டுவதை நாம் பலமுறை பார்த்து நின்றதுண்டு.

அந்நீர்த்தேக்கங்களிலும் மீன் உண்டு. 1952ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவை நம்மவர்கள் 'ஜப்பான் மீன்' என்றே அழைப்பார்கள். ஒரு மூங்கிற் குச்சி, ஒரு முழம் நூல், முள்ளில் ஒரு மண்புழு. இவை இருந்தால் லயத்துச் சிறுவன் ஒருவன் ஒரு மாலைப் பொழுதில் வீட்டுக்கு வேண்டிய கறியைக் கொண்டுவந்து விடுவான். அது ஏழையின் மீன். அன்று நாம் தேடிப் போனதோ துரைமாரின் மீன். அதன் பெயர் ட்ரவுட்.

தலவாக்கலையைக் கடக்கையில், 2012இல் திறக்கப்பட்ட மேல் கொத்மலை நீர்த்தேக்கம் இருளில் ஈயத் தகடு போலக் கிடந்தது. நானுஓயாவுக்கு அண்மையில் ஒரு தோட்டத்து லயத்தின் முன்னே வாகனத்தை நிறுத்தினோம். கறுப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்துக்கொண்டு பெரியவர் ஒருவர் காத்து நின்றார். எண்பது வயதைக் கடந்தவர். பன்னிரண்டு வயதில், அந்நாளைய துரை ஒருவருக்கு மீன்கூடை தூக்கியவர். இந்தப் பக்கத்து ஓடை ஒவ்வொன்றின் மடுவையும் வளைவையும் உள்ளங்கை ரேகையைப் போல் அறிந்தவர். அன்றைய எமது வழிகாட்டி அவரே.

"வெளிச்சம் வர்றதுக்கு முன்னே கரையில இருக்கணும், மாஸ்டர். வெயிலு விழுந்திருச்சுன்னா அது ஆழத்துக்குப் போயிரும்" என்று சொல்லிக்கொண்டே ஏறி அமர்ந்தார்.

பனிக்கட்டியில் வந்த முட்டை

ட்ரவுட் நமது நாட்டு மீனன்று. அதன் வரலாறு வியப்பானது.

ஆங்கிலேயர் தாம் போன இடமெல்லாம் தம் நாட்டுப் பூச்செடியையும் காய்கறியையும் கொண்டுபோனது போலவே, தம் ஓடைகளின் மீனையும் கொண்டுபோனார்கள். 1864ஆம் ஆண்டில் தாஸ்மேனியாவுக்கு ட்ரவுட் முட்டைகள் அனுப்பப்பட்ட விதத்தைக் கேளுங்கள். முட்டைகளை ஈரப்பாசியில் பொதிந்து, பெட்டிகளில் அடுக்கி, 'நோர்போக்' என்னும் கப்பலின் பனிக்கட்டி அறையில் வைத்து, ஏறத்தாழ மூன்று மாதம் கடல் கடந்து கொண்டு சேர்த்தார்கள். குளிரில் முட்டையின் வளர்ச்சி மெதுவாகும், வழியிலேயே பொரித்துவிடாது. இதுவே அதன் சூட்சுமம்.

நமது நுவரெலியாவுக்குப் பழுப்பு ட்ரவுட்டின் முட்டைகள் வந்தது 1882ஆம் ஆண்டில். இருப்புப்பாதை நானுஓயாவை எட்டியது 1885இல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், அம்முட்டைகளை மலைமேல் ஏற்றுவதற்கு எத்தனை சிரமம் எடுத்திருப்பார்கள் என்பது விளங்கும். அது கோப்பித் தோட்டங்கள் அழிந்துகொண்டிருந்த காலம். 1869இல் தலைகாட்டிய இலைநோய் தோட்டத்துரைமாரை நிலைகுலையச் செய்திருந்தது. தேயிலை மெல்ல மெல்ல அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கலக்கத்தின் நடுவிலும் நுவரெலியாவை இன்னோர் இங்கிலாந்தாக ஆக்கும் ஆசை குறையவில்லை. தேசாதிபதி கிறகரியின் பெயர் தாங்கிய வாவி 1873இல் எழுந்தது. அதன்பின் அந்நீருக்கேற்ற மீனும் வந்தது.

அதே நூற்றாண்டில்தான் நமது முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரையில் காட்டு வழியே கால்நடையாக நடந்தார்கள். வழியில் மாண்டவர் பலர். 2023ஆம் ஆண்டில், மலையக மக்களின் இருநூறாண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அந்நடையை மீண்டும் நடந்து காட்டினார்கள். மீன் முட்டைக்குப் பனிக்கட்டி, மனிதருக்கு வெறுங்கால். இதனை யாரையும் பழிப்பதற்காகச் சொல்லவில்லை. இரண்டும் ஒரே மலைக்கு ஏறிய கதைகள். ஒன்றைச் சொல்லும்போது மற்றொன்றை மறப்பது முறையாகாது.

பழுப்பு ட்ரவுட் ஓடைகளில் வளர்ந்ததேயன்றித் தானாகப் பெருகி நிலைபெறவில்லை. நூற்றாண்டின் இறுதியையொட்டி, அமெரிக்காவின் பசுபிக் கரையோர ஆறுகளுக்குரிய வானவில் ட்ரவுட் கொண்டுவரப்பட்டது. அது இம்மலையோடு ஓரளவு ஒத்துப்போயிற்று. 1896ஆம் ஆண்டில் இலங்கை மீன்பிடிக் கழகம் தோன்றியது. நுவரெலியாவில் முட்டைகளைப் பொரிக்கச் செய்து, குஞ்சுகளை ஓடைகளில் விட்டு வந்தார்கள். கடலுக்கு அப்பால், நீலகிரியின் அவலாஞ்சியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ட்ரவுட் வளர்க்க முற்பட்டபோது, அங்கே போன முட்டைகளில் ஒரு பகுதி நமது இலங்கையிலிருந்து சென்றதாகும். ஊட்டிக்கும் நுவரெலியாவுக்கும் தேயிலையிலும் குளிரிலும் உள்ள உறவு மீனிலும் உண்டு.

கந்தே எலவின் காலை

நுவரெலியாவிலிருந்து அம்பேவெலப் பக்கமாகப் போகும் பாதையில் மீபிலிமானையைக் கடந்தால், ஊசியிலை மரங்கள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கில் கந்தே எல நீர்த்தேக்கம் கிடக்கிறது. நாம் அங்கே இறங்கியபோது புல்லெல்லாம் உறைபனி பூத்து, உப்புத் தூவினாற் போல வெண்மையாக இருந்தது. கால் வைத்த இடமெல்லாம் நொறுங்கும் ஓசை. நீரின்மேல் மூடுபனி, அக்கரை தெரியவில்லை.

நண்பர் கோலைப் பூட்டத் தொடங்கினார். பெரியவரோ தூண்டிலைத் திரும்பியும் பாராமல், நீர்த்தேக்கத்தினுள் வந்து விழும் ஒரு சிற்றோடையை நாடிப் போனார். குனிந்து, நீரினுள்ளே கிடந்த கல்லொன்றைத் தூக்கிப் புரட்டி, அதன் அடிப்பாகத்தை உற்றுப் பார்த்தார். அதனை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். இவர் எதைத் தேடுகிறார் என்பது எமக்கு விளங்கவில்லை.

"பூச்சி பார்க்கிறேங்க. அது இன்னிக்கு என்ன திங்குதுன்னு தெரிஞ்சாத்தானே அதே மாதிரி ஈயைக் கட்ட முடியும்?" என்றார்.

ஈத்தூண்டிலின் இரகசியம் இதுதான். மற்றத் தூண்டில்களில் உண்மையான இரை இருக்கும். இதிலோ இரையைப் போன்ற ஒரு பொம்மையே இருக்கும். சிறிய முள்ளொன்றைச் சுற்றிப் பட்டு நூலால் இறகையும் உரோமத்தையும் கட்டி, ஓடைப் பூச்சியொன்றின் சாயலை உண்டாக்குகிறார்கள். சேவலின் கழுத்திறகு இதற்கு மிகவும் ஏற்றது. தென்னிந்திய மலைக்காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுச் சேவலின் கழுத்திறகில் மெழுகுத் துளி போலப் பளபளக்கும் புள்ளிகள் உண்டு; அவ்விறகு ஒரு காலத்தில் மேல்நாட்டுத் தூண்டிற்காரர்களிடையே பெரும் மதிப்புப் பெற்றிருந்தது. காட்டுச் சேவலின் இறகு ஸ்கொத்லாந்து நதியில் மிதந்தது!

பெரியவரின் கையிலிருந்த கல்லை நாமும் பார்த்தோம். நெல்மணியளவான ஒரு பூச்சி, மூன்று மெல்லிய வால்களுடன், கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு கல்லில் மணற்பருக்கைகளை ஒட்டிக் கட்டிய சிறுகூடு; அதனுள்ளே ஒரு புழு. முதலாவது பூச்சி மாதக்கணக்கில் நீரினுள்ளே வளர்ந்து, பின் சிறகு முளைத்து மேலெழுந்து, ஓரிரு நாளில் மடிந்துபோகும். அது மேலெழும் வேளையிற்றான் ட்ரவுட் பசியோடு மேற்பரப்புக்கு வரும்.

"எங்க காலத்துல ஒரு கல்லைப் புரட்டினா பத்துப் பன்னிரண்டு ஓடும். இப்ப அஞ்சு கல்லுக்கு ரெண்டு" என்றார் பெரியவர். அவர் குரலில் குறை கூறும் தொனியில்லை. கணக்குச் சொல்லும் தொனியே இருந்தது.

நண்பர் வீசத் தொடங்கினார். ஈக்குப் பாரமில்லை, பாரமெல்லாம் நூலில் இருக்கிறது. கோலைப் பின்னே உயர்த்தி, நூல் முழுவதும் முதுகுக்குப் பின்னால் நீண்டு விரியும் வரையில் ஒரு கணம் பொறுத்து, பிறகு முன்னே செலுத்த வேண்டும். நூல் காற்றில் வளையம் வளையமாக அவிழ்ந்து, ஈ இறகு உதிர்வது போல நீரில் இறங்கும். அந்த ஒரு கணப் பொறுமைதான் வித்தை முழுவதும். நாம் முயன்றபோது பொறுமை போதவில்லை. நூல் சாட்டை போல 'பட்'டென்று வெடித்து, கட்டியிருந்த ஈயைக் காணாமற் போக்கிற்று. இரண்டாம் முறை பின்னாலிருந்த மரமொன்றை அழகாகப் பிடித்தோம். பெரியவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஐயா, மரம் பெரிசுங்க. கூடையில அடங்காது" என்றார்.

இரண்டு மணி நேரம் சென்றது. மூடுபனி கலைந்து, எதிர்க்கரையின் மரங்கள் நீரில் தலைகீழாய்த் தெரிந்தன. விரல்கள் விறைத்துப் போயின. அப்போது, நண்பரின் ஈக்கு அருகே நீரில் ஒரு சிறு வட்டம் தோன்றியது. கோல் வளைந்தது. நூல் உருளை 'கிர்'ரென்று சுழன்றது. ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த வெள்ளி உடல் ஒன்று நீரைக் கிழித்துக்கொண்டு மேலெழுந்தது. விலாவில் ஓடிய ரோசாநிறக் கோடு அந்தக் காலை வெயிலில் ஒரே ஒரு கணம் மின்னிற்று. மறுகணம் நூல் தளர்ந்து கிடந்தது.

யாரும் பேசவில்லை. நண்பரின் கை மாத்திரம் நடுங்கிக்கொண்டிருந்தது. "அதுதான் மாஸ்டர், அதேதான்" என்றார் பெரியவர். எழுபதாண்டுகளுக்கு முன் கூடை தூக்கிய சிறுவனின் முகம் அப்போது அவரிடத்தில் தெரிந்தது. அன்றைய மீன்பிடி அவ்வளவே.

கூடை தூக்கியவர் சொன்ன கதை

வெயிலேறியதும் கரையில் அமர்ந்து, ரொட்டியையும் கட்டைச் சம்பலையும் பிரித்தோம். சூடாறாத தேநீர் கையைக் கதகதப்பாக்கிற்று. பெரியவரின் பழைய கதைகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன.

ஞாயிற்றுக்கிழமைகளில் துரையோடு ஓடைக்கரைக்குப் போவாராம். நாள் முழுதும் கூடையையும் கைவலையையும் சுமந்தால் ஐம்பது சதம். ஈத்தூண்டிலைத் தவிர வேறெதனாலும் ட்ரவுட்டைப் பிடிக்கலாகாது என்பது அந்நாளைய விதி. புழுவைக் கோத்துப் போட்ட லயத்துப் பையன்கள் பிடிபட்டால் அடியும் விழும், அப்பனுக்கு வேலையும் போகும்.

"நீங்கள் அந்த மீனைச் சாப்பிட்டதுண்டா, பெரியவரே?" என்று கேட்டோம்.

"பங்களா அப்பு நல்ல மனுசன். தலையும் முள்ளும் குடுப்பாரு. ஆத்தா அதுல புளி ஊத்தி ஆக்கும். இன்னும் நாக்குல இருக்குங்க அந்த ருசி."

சற்று நேரம் நீரையே பார்த்துக்கொண்டிருந்தவர், தாமாகவே மேலும் சொன்னார்:

"ஒண்ணு சொல்லணும். அந்த மீனு இருந்த ஓடைக்குக் காவல்காரன் இருந்தான். கரையில மாடு கட்ட முடியாது. மேல சாக்கடை திருப்ப முடியாது. கண்டா உடனே துரைகிட்டச் சொல்லுவான். அதே தண்ணி கீழ எங்க லயத்துக்கு வரும். அதனால நாங்களும் நல்ல தண்ணி குடிச்சோம். மீனுக்காக காத்தாங்க, எங்களுக்காக இல்ல. இப்ப மீனும் இல்ல, காவலும் இல்ல. ஆனா குடிக்கிறது இப்பவும் நாங்கதானே?"

எமக்கு மறுமொழி தோன்றவில்லை.

பழைய காலத்தைப் பொற்காலமென்று சொல்ல நாம் முன்வரவில்லை. மலைக்காட்டை வெட்டி எரித்து, முதலில் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாக மண்ணைத் திறந்து விட்டது அந்தத் துரைமார் காலந்தான். மழை ஒவ்வொன்றும் அம்மண்ணைக் கரைத்து ஓடையில் சேர்த்தது. 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தங்களோடு அவர்கள் போய்விட்டார்கள். மண் கரைவது நிற்கவில்லை. இன்று ஓடைக்கரை வரையில் லீக்சும் கரட்டும் உருளைக்கிழங்கும் பயிராகின்றன. பயிரிடுவோரும் பாடுபட்டு உண்பவர்களே. எனினும் அவர்கள் இடும் உரத்திலும் தெளிக்கும் மருந்திலும் ஒரு பங்கு மழையோடு ஓடைக்கே போகிறது. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் தித்வா புயலோடு வந்த பெருமழையில் இம்மலைகள் எவ்வாறு சரிந்தன, எத்தனை உயிர்களை மண் விழுங்கிற்று என்பதை நாம் மறக்கவியலாது. மண்ணும் நீரும் வேறு வேறல்ல. ஒன்றுக்குச் செய்த தீங்கு மற்றொன்றின் வழியே திரும்பி வருகிறது.

தூண்டில் புகாத சமவெளி

நண்பகலுக்கு முன் ஹோட்டன் சமவெளிக்குப் போய்விட வேண்டும் என்றார் நண்பர். இலங்கையிலேயே மிக உயரத்தில் அமைந்த புகையிரத நிலையமாகிய பட்டிப்பொலயைக் கடந்து, மேலே ஏறினோம். தூண்டிற்கோல்கள் வாகனத்திலேயே பூட்டப்பட்டன. 1969இல் சரணாலயமாகவும் 1988இல் தேசிய வனமாகவும் அறிவிக்கப்பட்ட அவ்விடத்தில் மீன் பிடித்தல் ஆகாது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஏனைய காடுகள் சிலவற்றோடு அது உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. வாயிலில் பைகளைச் சோதித்து, பொலித்தீனை வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விடுகிறார்கள்.

கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே, அலையலையாய் விரிந்த புல்வெளி. ஓரங்களில் பாசி படர்ந்த குட்டை மரக்காடு. தொலைவில் தலை நிமிர்ந்து எம்மை நோக்கி நின்ற ஒரு மரைக்கூட்டம். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று பெருநதிகளுக்கும் நீர் சேர்ப்பது இந்த மேட்டு நிலம். முகில் வந்து தங்கும் காடும், பஞ்சு போன்ற புல்நிலமும் மழையை உறிஞ்சி வைத்து, கோடையிலும் சிறிது சிறிதாகக் கசிய விடுகின்றன.

பெலிஹுல் ஓயாவின் மேலுள்ள ஒரு சிறு பாலத்தருகே பெரியவர் நின்றார். "சத்தம் போடாதீங்க. நிழல் விழாம பாருங்க" என்று சுட்டிக் காட்டினார். தேயிலைச் சாயம் போல் இளம் பழுப்பு நிறம் கலந்த தெளிந்த நீர். அடியில் கூழாங்கற்கள். முதலில் எமக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு கல்லின் நிழல் மெல்ல அசைவது போலத் தோன்றிற்று. நீரோட்டத்தை எதிர்நோக்கி, வாலை மாத்திரம் இலேசாக அசைத்தபடி, ஒரே இடத்தில் நிலைத்து நின்றது ஒரு ட்ரவுட். அதன் பின்னே இன்னொன்று. அருகில் விரற்கடை நீளமான குஞ்சுகள் சில.

குஞ்சுகளைக் கண்டதும் நண்பரின் முகம் மலர்ந்தது. யாரும் வளர்த்து விடாமல், தாமாக இங்கே பிறந்தவை அவை. பெண் ட்ரவுட் வாலால் கூழாங்கற்களைக் கிளறிக் குழியாக்கி, அதில் முட்டையிட்டு, மீண்டும் கற்களால் மூடிவிடும். கற்களின் இடுக்கு வழியே ஓடும் நீரே முட்டைக்கு மூச்சு. அந்த இடுக்குகளை வண்டல் அடைத்துவிட்டால் முட்டைகள் மூச்சுத் திணறி இறக்கும். நீரின் வெப்பம் 20 பாகை செல்சியசைத் தாண்டினாலும் மீன் தளர்ந்துவிடும். குளிர்ந்த, தெளிந்த, மண் கலவாத நீர் இருந்தால்தான் ட்ரவுட் குடும்பம் நடத்தும். மேலே தோட்டமோ வயலோ இல்லாத இச்சமவெளியில் அது பெருகியிருப்பதன் காரணம் இதுவே.

இவ்விடத்தில் இன்னோர் உயிரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இச்சமவெளியின் ஓடைகளில் ஒரு சிறு நன்னீர் இறால் வாழ்கிறது. கரிடினா சிங்களென்சிஸ் என்பது அதன் அறிவியற் பெயர். உலகில் வேறெங்கும் அது இல்லை. ட்ரவுட் அதனை இரையாக்குகிறது. இறாலோ இந்த மலையோடு பிறந்தது. ட்ரவுட் வந்து நூற்றிருபது, நூற்றைம்பது ஆண்டுகளுக்குள்தான். துரைமார் மீனைக் கொண்டுவந்தபோது இறாலைப் பற்றி யார் எண்ணியிருப்பார்கள்? காலையில் ஒரு ட்ரவுட் தப்பிப் போனதற்காக வருந்திய நாம், இங்கே அது செழித்திருப்பதைக் கண்டு முழு மனத்தோடு மகிழவும் முடியாமல் நின்றோம். மனிதனின் பொழுதுபோக்கு ஒன்று, ஓர் ஓடையில் காவலாகவும் மற்றோர் ஓடையில் கேடாகவும் முடிந்திருக்கிறது.

நண்பகலில் முகில் திரண்டு வந்து பள்ளத்தாக்கை மூடிற்று. உலக முடிவைக் காணவென்று தொலைதூரத்திலிருந்து வந்தவர்கள் வெண்முகிலை மாத்திரம் கண்டு திரும்பினார்கள். நாமும் இறங்கினோம்.

பீலியடியில்

பெரியவரின் லயத்தை நாம் அடைந்தபோது மாலை ஐந்து மணி. கொழுந்துக்குப் போன பெண்கள் திரும்பி, பீலியடியில் முகங்கழுவிக்கொண்டிருந்தார்கள். பெரியவரின் பேத்தி சாயத்தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். பத்தாம் தரத்தில் படிக்கிறாளாம்.

"கூடையைக் காட்டு தாத்தா" என்றாள். வெறுங்கூடையைக் கண்டு சிரித்தாள்.

"மீனு இல்லாட்டி என்னம்மா? வா, உனக்கு ஒண்ணு காட்டுறேன்" என்று அவளை அழைத்துக்கொண்டு, லயத்துக்கு மேலே, பீலிக்கு நீர் திருப்பும் ஓடைக்குப் போனார். நாமும் தொடர்ந்தோம். அவர் கல்லொன்றைப் புரட்டினார். பாசி மாத்திரம் வழுக்கியது. இரண்டாவது கல், அதிலும் ஒன்றுமில்லை. மூன்றாவதைப் பேத்தியே புரட்டினாள். அதன் அடியில், மூன்று வால் கொண்ட ஒரேயொரு பூச்சி பரபரவென்று ஓடிற்று.

"இது இருந்தா தண்ணி இன்னும் உசிரோட இருக்குன்னு அர்த்தம்" என்றார் பெரியவர். விஞ்ஞான ஆசிரியராகிய எமது நண்பர், அது முற்றிலும் உண்மையென்று அவளுக்கு விளக்கினார். இப்பூச்சிகளில் பெரும்பாலானவை அழுக்கேறிய, உயிர்வளி குன்றிய நீரில் வாழமாட்டா. அவை குறையத் தொடங்கினால் மேலே எங்கோ ஏதோ பிழை நேர்கிறது என்று அறியலாம். பூச்சி இருப்பதனால் மாத்திரம் நீர் நோயற்றதென்று கொள்ளலாகாது. கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். எனினும், செலவில்லாமல் ஒரு சிறுவன்கூடச் செய்யத்தக்க முதற் சோதனை இது. உலகின் பல நாடுகளில் மாணவர்கள் இம்முறையிலேயே தம் ஊர் ஓடைகளைக் கண்காணித்து வருகிறார்கள்.

அவள் உள்ளே ஓடிப்போய் ஒரு பழைய அப்பியாசக் கொப்பியை எடுத்து வந்து, திகதியிட்டு எழுதினாள்: மூன்று கல், ஒரு பூச்சி. "அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கிறேன் சேர்" என்றாள் எமது நண்பரிடம்.

மாணவ நேயர்களே, உங்கள் தோட்டத்திலும் ஓர் ஓடை இருக்கும். மாதம் ஒருமுறை, பெரியவர் ஒருவரின் துணையோடு, மழையற்ற நாளொன்றில் அங்கே செல்லுங்கள். நான்கைந்து கற்களை மெல்லப் புரட்டிப் பாருங்கள். கண்டதை எழுதி வையுங்கள். கல்லை இருந்த இடத்திலேயே மீண்டும் வையுங்கள். ஓராண்டுக் கணக்குச் சேர்ந்ததும் அதனை உங்கள் ஆசிரியரிடமும், தோட்டத்துப் பெரியவர்களிடமும் காட்டுங்கள். கண்ணால் கண்டதைத் திகதியிட்டு எழுதிய கணக்குக்கு ஒரு பலமுண்டு. வெறும் முறைப்பாட்டுக்கு அது இல்லை.

ஒரு காலத்தில் ஒரு மீனுக்காக இவ்வோடைகளுக்குக் காவல் இருந்தது. அம்மீனின் பெயரைச் சொல்லி மீண்டும் காவல் கேட்பதற்கில்லை. அந்நீரைக் குடிக்கும் குழந்தையின் பெயரைச் சொல்லிக் கேட்கலாம். காவல்காரனும் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை.

நாம் விடைபெற்றபோது இருட்டிவிட்டது. பீலி சலசலத்துக்கொண்டேயிருந்தது. அன்றிரவு ஹற்றனில் படுக்கையிற் சாய்ந்தபோதும் அந்த ஓசை எமது காதை விட்டு அகலவில்லை.